உப்பில்லாத பத்தொன்பது நாட்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கருவாட்டுக் கடையில் எடை போட்டே வயது போய்விட்டது. சாக்கின் மேல் மையால் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறேனே தவிர, நாலு பேர் படிக்கிற மாதிரி எதையும் எழுதியதில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசவும் வராது. ஆனால் போன வாரம் எங்கள் தெருக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் வீட்டில் ஒருவருக்குக் குடலில் புற்றுநோயாம், ஈரலுக்கும் போய்விட்டதாம். "ஒங்க அத்தானுக்கு இதே நோய் வந்தப்பம் என்ன செஞ்சிய? அவியகிட்ட சொன்னியளா, மறைச்சியளா?" என்று கேட்டார். நான் "பாப்போம், நல்லாயிரும்" என்று ஏதோ முனகி அனுப்பிவிட்டேன். அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். வெட்கமாக இருந்தது. வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். அத்தான் பிறகு எத்தனை நாள் இருந்தார் என்பதை இதில் எழுதவில்லை. வந்தவர் அதைக் கேட்கவில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எங்களுக்குச் சொந்த ஊர் கடற்கரையில் உவரி. அக்காவைக் கட்டிய கையோடு அவர் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கருவாட்டுக் கடை போட்டார். எனக்குப் பதினேழு வயதில் என்னையும் அழைத்துவந்து தராசுப் பக்கம் உட்கார வைத்தார். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். கடையில் பேச்சு அத்தானுடையது, எடை என்னுடையது. சாக்கைக் கையால் தூக்கினாலே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை.

அத்தானின் வாய்க்காகவே ஆட்கள் வருவார்கள். "என்ன அண்ணாச்சி, நேத்து வாங்குன நெத்திலியில ஒரே மண்ணு" என்று ஒருவர் சண்டைக்கு வந்தால், "மண்ணு இல்லேன்னா அது கடக்கரையில காஞ்சதுன்னு எப்படிவே நம்புவீரு?" என்பார். வந்தவர் சிரித்துவிட்டு இன்னொரு கால் கிலோ வாங்கிக்கொண்டு போவார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷமாகவே அவருக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போய்க்கொண்டிருந்தது. நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறவருக்கு மூலம் வராமல் என்ன என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா மூலத்துக்கென்று வாரம் இரண்டு முறை கருணைக்கிழங்கு சமைத்தாள். வயிறு கல் மாதிரி கட்டிக்கொண்டு வலி தாங்காமல் போனபிறகுதான் பாளையங்கோட்டையில் ஒரு ஆபரேஷன் டாக்டரிடம் போனோம். அவர் குழாய் விட்டுப் பார்த்தார். சதை எடுத்து அனுப்பினார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

எல்லாம் வந்தபிறகு, அத்தானை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"குடல்ல இருக்கது புத்துநோய். ஈரல்லயும் ரெண்டு எடத்துல எறங்கியிருக்கு. ஆனா ரெண்டும் வலது பக்கமே இருக்கு. அதனால ஒரு வழி இருக்கு. மெட்ராஸ்ல ஈரல் ஆபரேஷன் செய்யுத டாக்டர் ஒருத்தர் இருக்காரு. இந்தப் படத்த அவர்ட்ட காட்டி, எத மொதல்ல செய்யணும்னு கேட்டுட்டு வாங்க. அவருகிட்டயும் சொல்லிருங்க. நோய் அவருக்குத்தான்."

நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்தபோது அக்கா என் முகத்தைப் பார்த்தாள். வராந்தாவின் கடைசிக்கு என்னை இழுத்துக்கொண்டு போய், நான் சொல்லி முடிப்பதற்குள் இடுப்பில் செருகியிருந்த செபமாலையை எடுத்தாள்.

"நம்ம அப்பாவ மறந்துட்டியாலே? டாக்டரு நேருக்கு நேரா சொன்னாரு. செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்தவரு கஞ்சித்தண்ணி கேக்கல. பன்னெண்டாம் நாளு தூக்கிட்டுப் போனோம். நோயாலயா செத்தாரு? சொன்னதாலதான் செத்தாரு. இதுல கை வை. சொல்லமாட்டேன்னு சொல்லு."

எங்கள் அப்பாவுக்கு நடந்தது உண்மை. நான் செபமாலையில் கை வைத்தேன்.

ஆட்டோவில் வரும்போது அத்தான் கேட்டார். "ஏ மாப்ளே, ஈரலுன்னு ஒரு வார்த்த காதுல விழுந்துச்சே. மூலத்துக்கும் ஈரலுக்கும் என்னடே சம்பந்தம்?"

அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயில் வந்து நின்றது ஒரே வார்த்தை.

"காமாலை" என்றேன்.

"மஞ்சக்காமாலையா? கண்ணு மஞ்சளா இல்லையே."

"உள்ளுக்குள்ள இருக்காம்."

"இம்புட்டுத்தானா? இதுக்கா ரெண்டு பேரும் சாவு வீட்டுக்குப் போன மாதிரி இருக்கிய?" என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரரிடம் மீன் விலை பேச ஆரம்பித்துவிட்டார்.

படமும் ரிப்போர்ட்டும் பெரிய காகித உறையில் இருந்தன. வீட்டில் வைத்தால் கண்ணில் படும். இங்கிலீஷ் தெரிந்த வாத்தியார் ஒருவர் கடைக்கு வருவார். அத்தான் அவரிடம் காட்டிவிடுவார். அதனால் படம் டாக்டரிடமே இருக்கிறது என்று இரண்டாவது பொய்யைச் சொன்னேன். உறையைக் கடையின் பின்புறம் சாளைக் கருவாட்டுச் சாக்குகளுக்கு நடுவில், மடங்காமல் நிமிர்த்தி வைத்தேன். அங்கே போய்ச் சாக்கு எடுக்கிறவன் நான் மட்டும்தான்.

மூன்றாம் நாள் மெட்ராஸ் கிளம்பினேன். ராயபுரத்தில் ஒரு கருவாட்டு வியாபாரியைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "நீயா? நீ போயி எவன்கிட்டலே பேசப் போற? சரி, போயிட்டு வா. இப்பமாவது வாய் தொறக்கட்டும்." பஸ்ஸுக்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். அதை நான் சாப்பிடவில்லை.

அந்த டாக்டரைப் பார்க்க ஒரு வாரம் காத்திருந்தேன். தினமும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பலசரக்குக் கடைக்குப் போன் போடுவேன். அக்கா வந்து பேசுவாள். அவளைச் சுற்றிச் சாமான் வாங்குகிறவர்கள் நிற்பார்கள். நான் "எப்படி இருக்காவ?" என்பேன். அவள் "நல்லா இருக்காவ" என்பாள். அதற்கு மேல் அவளாலும் பேச முடியாது, என்னாலும் கேட்க முடியாது.

ஒரு வழியாக டாக்டர் கூப்பிட்டார். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டப் போனவர் மூக்கைச் சுளித்தார்.

"என்னங்க இது வாசனை?"

"கருவாடு, சார்."

அவர் சிரித்துவிட்டு, "எந்த ஊரு?" என்று கேட்டார். பிறகு படத்தை வெகுநேரம் பார்த்தார். எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். குடலில் இருப்பது வழியை அடைக்கப் பார்க்கிறது, அதை முதலில் எடுத்துவிட வேண்டும். அதைத் திருநெல்வேலியிலேயே செய்யலாம். புண் ஆறியபிறகு ஊசி மருந்து, மாதம் ஐந்து நாள், மூன்று மாதத்துக்கு. பிறகு மறுபடி ஸ்கேன். புதிதாக எதுவும் வராமல், இந்த இரண்டும் வளராமல் இருந்தால், ஈரலின் அந்தப் பக்கத்தை அவர் வெட்டி எடுப்பார்.

"ஈரலை வெட்டினா மறுபடி வளரும். ஆனா வளர்றதுக்கு உடம்புல சத்து வேணும். இப்ப என்ன வெயிட்டு?"

"அம்பத்தெட்டு."

"அதுக்குக் கீழ விட்டுடாதீங்க. நல்லா சாப்பிடச் சொல்லுங்க. முட்டை, மீனு, பருப்பு. இந்தத் திட்டமே அவர் சாப்பாட்டுலதான் நிக்குது."

அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் அந்தத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. ஒரு வழி இருந்தது. இவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் மூச்சு முழுதாக வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் குழைந்த சோறு, அதன் மேல் மோர். வேறு ஒன்றும் இல்லை. ஊறுகாய்கூட இல்லை.

"பத்தாவது நாளுடே" என்றார் பெருமையாக.

நான் மெட்ராஸ் கிளம்பிய அன்றே அவர் காமாலைக்கு வைத்தியம் பார்க்கப் போயிருக்கிறார். சேரன்மாதேவிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் கிராமத்தில் ஒருவர் விடியற்காலையில் வெறும் வயிற்றில் பச்சிலை அரைத்துக் கொடுப்பார். வெற்றிலை பாக்கு தவிர எதுவும் வாங்கமாட்டார். எங்கள் பக்கத்தில் காமாலை என்றால் இங்கிலீஷ் மருந்துக்கு யாரும் போவதில்லை. பச்சிலையும் பத்தியமும்தான். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, புளி கூடாது, மீன் முட்டை கூடாது. நாற்பத்தோரு நாள். நடுவில் முறித்தால் மருந்து விஷமாகிவிடும் என்பார்கள்.

இது எனக்குத் தெரியாததா? ஆட்டோவில் அந்த வார்த்தையைச் சொன்னபோது, நான் வியாதியின் பேரை மாற்றியதாகத்தான் நினைத்தேன். பேரோடு அதன் மருந்தும் பத்தியமும் சேர்ந்தே வரும் என்பது தோன்றவே இல்லை.

அக்காவை அடுப்படியில் கேட்டேன். தாளைக் காட்டினேன்.

"நான் எப்படிலே தடுப்பேன்? காமாலைன்னு நம்பிட்டாவ. சந்தோசமா இருக்காவ. தடுத்தா ஏன்னு கேப்பாவல்லா?" பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஈரலுக்குத்தான அந்த மருந்து? இவியளுக்கும் ஈரல்லதான இருக்கு? நல்லது செஞ்சாலும் செய்யும்னு நெனச்சேன்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் பஸ்ஸில் ஒரு நிமிஷம், இப்படி ஏதாவது அதிசயம் நடக்காதா என்று நினைத்திருக்கிறேன்.

பத்தியத்தின் பதினாலாம் நாள் அத்தானை டாக்டரிடம் அழைத்துப் போனோம். மூல ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவைத்தோம். ராயபுரத்தையும் சேர்த்தால் அது நான்காவது பொய். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என் தோளைப் பிடித்து இறங்கினார். அவர் பாரம் என் மேல் விழுந்த அந்த நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து கிலோவுக்குக் குறையாமல் போயிருந்தது. ஆஸ்பத்திரித் தராசு ஐம்பத்திரண்டரை என்றது.

டாக்டர் மறுபடி என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கோபமாக இருந்தார்.

"ரத்தத்துல சத்தே இல்ல. இப்படி இருந்தா தையல் போட்ட குடல் ஒட்டாது. உப்பில்லாப் பத்தியம்னு அவரே சொல்லுதாரு. யாரு அவர அதுல போட்டது?"

நான் சட்டைப் பையிலிருந்த மெட்ராஸ் தாளை எடுத்து நீட்டினேன்.

"இன்னும் அஞ்சாறு நாள்ல கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள சாப்பிட ஆரம்பிச்சிருக்கணும். தேறுனா திட்டப்படி போவோம். தேறலேன்னா ஆபரேஷன் கெடையாது. ஊசி மட்டும் போட்டுக்கிட்டு இருக்கலாம்."

"இருக்கலாம்னா, சார்?"

"இருக்க வரைக்கும்" என்றார்.

அன்றிலிருந்து நான் எங்கே நின்றாலும் இரண்டு சுவருக்கு நடுவில் நிற்பது போலத்தான் இருந்தது. சொன்னால் அப்பா மாதிரி திரும்பிப் படுத்துவிடுவார் என்று அக்கா. சொல்லாவிட்டால் உப்பில்லாத சோற்றிலேயே கரைந்து போவார் என்று டாக்டர். நான் கடைக்கும் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தேன். வாய் திறக்கிற ஆளே இல்லாத எனக்கு, திறக்கக் கூடாது என்று ஒரு சத்தியம் வேறு.

அக்கா தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். முட்டை வெள்ளையைக் கஞ்சியில் அடித்துக் கலந்தாள். அத்தான் தட்டை மூக்கருகே கொண்டுபோய், முட்டை வாடை பிடித்து, அப்படியே கீழே வைத்தார். மறுநாள் மோரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டாள்.

"ஏளா, இதுல உப்பு கெடக்கு."

"இல்லையே."

"என்கிட்டயா? கருவாட்ட நாக்குல வச்சா எத்தன நாளு உப்புல கெடந்ததுன்னு சொல்லுவேன். என்னய ஏமாத்துதியா?" தட்டைத் தள்ளிவிட்டுச் சிரித்தார். "நாப்பத்தோரு நாளு. நடுவுல முறிச்சா விசம்னு வைத்தியரு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. ரெண்டு பேரும் சேந்து என்னயக் கொல்லப் பாக்கியளா?"

அக்கா அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் கை கழுவப் போனேன்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம். மறுநாள் டாக்டரிடம் போக வேண்டும். கடையில் கூட்டம் இல்லை. அத்தான் ஒரு சாக்கின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் சாயமாட்டார். நான் எழுந்து போய், "அத்தான், இதுல ஏறி நில்லுங்க" என்று சாக்கு எடை போடும் தராசைக் காட்டினேன்.

"என்னலே, என்னயும் சாக்குல கட்டி லாரியில ஏத்தப் போறியா?" என்றாலும் ஏறினார்.

ஐம்பத்தொன்று.

"தராசு கோளாறு" என்றார். நான் இரும்புக் கல்லைத் தூக்கி வைத்துக் காட்டினேன். இருபது என்றால் இருபதுதான் காட்டியது. அவர் சிரிக்கவில்லை.

"அத்தான், அது காமாலை இல்ல" என்றேன்.

பிறகு சொன்னதெல்லாம் எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை. தாளில் இருந்ததைத்தான் சொல்லியிருக்க வேண்டும். குடல், ஊசி, ஸ்கேன், ஈரல். மூலமும் இல்லை என்று சொன்னேன். சாப்பிட்டால்தான் நடக்கும் என்றேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அவர் சாக்கின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வழக்கமாக வருகிற ஒரு அம்மா வந்தார். "அண்ணாச்சி, சாளை நல்லதா கெடக்கா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "என்ன, அண்ணாச்சிக்கு இன்னைக்கு வாய் வலியா?"

"நல்லதா கெடக்கு. எம்புட்டு வேணும்?" என்று கேட்டது நான்தான்.

"ஏயப்பா, ஒமக்குப் பேச்சு வருமா?" என்று சொல்லிவிட்டு அவர் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போனபிறகு அத்தான், சரக்கு விசாரிக்கிற குரலில் கேட்டார். "எத்தன எடம்?"

"ரெண்டு."

"எம்புட்டுப் பெருசு?"

"ஒண்ணு நெல்லிக்காய் இருக்கும். ஒண்ணு சுண்டைக்காய்."

"படம் எங்க?"

பின்னால் போய் உறையை எடுத்துவந்தேன். கடை வாசல் வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்தார். "இதுல எங்கன?"

"இங்கன. இது ஒண்ணு."

வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்தை மூக்கருகில் கொண்டுபோனார். "இத எங்கலே வச்சிருந்த?"

"சாளைச் சாக்குக்கு நடுவுல."

"எத்தன நாளா?"

"மூணு வாரம் இருக்கும். நடுவுல மெட்ராசுக்குக் கொண்டு போனேன்."

"என் ஈரல என் கடையிலயே ஒளிச்சு வச்சிருக்கியேலே நீ." அவர் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "பத்தொம்பது நாளு! கருவாட்டுக் கடைக்காரன் பத்தொம்பது நாளு உப்பில்லாமத் தின்னிருக்கேன். பாத்துக்கிட்டு இருந்தியேடே. ஒங்கக்காவுக்குத் தெரியுமா?"

நான் தராசிலிருந்த இரும்புக் கல்லைத் தூக்கிக் கீழே வைத்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வந்துகொண்டிருந்தாள். வாசலில் படத்தை வைத்துக்கொண்டு நின்ற அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அத்தான் அவள் கையிலிருந்து தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்து திறந்தார். சோறு, மோர். கையை நீட்டி, சாக்கின் மடிப்பில் உதிர்ந்து கிடந்த கல்லுப்பில் இரண்டு விரலால் எடுத்து, ஊதிவிட்டு, சோற்றில் போட்டுப் பிசைந்தார். முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தார்.

அக்கா என் பக்கம் வந்தாள். "செபமாலையில கை வச்சியேலே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"அவன விடுளா" என்றார் அத்தான், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமலே. "இது காணாது. வீட்டுல போயி நெத்திலி வறு. எண்ணெய நல்லா விடு."

அவள் போனாள். சாப்பிட்டு முடித்து, தூக்கை மூடி, அவர் என்னைப் பார்க்காமலே மறுபடி படத்தை எடுத்தார். கடை அடைக்கும் வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டரிடம் போனோம். ஆஸ்பத்திரித் தராசில் ஐம்பத்தொன்று. அத்தான் உறையைத் தன் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனார். என்னையும் அக்காவையும் வெளியே உட்காரச் சொன்னார். அரைமணி நேரம் கழித்து வந்து, "எட ஏறுனாத்தான் ஆபரேசனாம், இனிமே ஆஸ்பத்திரிக் காரியத்த நானே பாத்துக்கிடுதேன்" என்றார். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தோம்.